செட்டிநாட்டு வீடு ஒன்றை முழுதாக எடுத்துத் தங்குவது எப்படி: சென்னைக் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் பழைய வீடுகளை மூன்று நான்கு நாளுக்கு முழுதாக வாடகைக்கு விடுகிறார்கள். எங்கள் சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்குமாக இதுவரை ஐந்து முறை ஏற்பாடு செய்திருக்கிறேன், 18 பேர் முதல் 26 பேர் வரை. அதைப் பார்த்துத் தாங்களே இறங்கிய தெரிந்தவர்கள் பலர் பாதி வழியில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லோரும் இடறியது ஒரே இடத்தில்: படத்தைப் பார்த்து வீட்டைப் பிடித்துவிட்டு, அப்புறம் ஆள் எண்ணினார்கள். ஆகவே கீழே இருப்பதை இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

பத்துப் பேருக்குள் என்றால் இந்தப் பாடு வேண்டாம். அந்த ஊர்களிலேயே ஹோட்டலாக நடக்கும் பழைய வீடுகள் இருக்கின்றன. நான்கு அறை எடுத்துக்கொண்டால் போதும்.

1. ஆட்களை எண்ணுங்கள், ஐந்து பத்தியாக

வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் காட்டியவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். தலைக்கு 1,000 ரூபாய் அனுப்பியவர்கள்தான் கணக்கு. இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். ஆனால் 24 பேருக்கு வீடு எடுத்து 15 பேர் போனால் மீதி வாடகை யார் தலையில் விழும் என்று எல்லோருக்கும் தெரியும். பணம் கேட்ட அன்றே உண்மையான எண்ணிக்கை வந்துவிடும்.

ஒரு தாளில் ஐந்து பத்தி போடுங்கள். பெரியவர்கள், 12 வயதுக்குள் இருப்பவர்கள், மாடி ஏற முடியாதவர்கள், ஏசி இல்லாமல் தூங்க முடியாதவர்கள், வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள். முதல் இரண்டும் சாப்பாட்டுக்கும் ரயிலுக்கும். மூன்றாவது, கீழ்த்தளத்தில் எத்தனை அறை வேண்டும் என்று சொல்லும். நான்காவது, வீட்டின் மின் இணைப்பு தாங்குமா என்று கேட்பதற்கு. ஐந்தாவதைப் பலர் மறக்கிறார்கள். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய அத்தை மகனாக இருந்தாலும், அவர் தங்குவதை வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும் (முன்பு இதற்குப் ‘படிவம் சி’ என்று பெயர்). இதைச் செய்து பழக்கமில்லாத வீட்டுக்காரர்களும் உண்டு. முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

இந்தத் தாளிலிருந்து ஒரு எண்ணை எடுக்க வேண்டும்: எத்தனை குளியலறை. ஐந்து பேருக்கு ஒன்று என்பது என் கணக்கு. கோயிலுக்குப் போகும் நாளில் காலை 6 முதல் 8 வரை எல்லோரும் குளித்தாக வேண்டும். ஒருவருக்கு 15 நிமிடம் வைத்தாலும் ஐந்து பேருக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். 20 பேர் என்றால் நான்கு குளியலறை. அதற்குக் குறைவான வீட்டை, எவ்வளவு அழகாக இருந்தாலும், பட்டியலில் சேர்க்காதீர்கள்.

2. தேதியைப் பிடியுங்கள், 75 நாள் முன்னதாக

ஏன் 75? ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது (2024 நவம்பருக்கு முன் 120 நாள்). முன்பதிவு திறக்கும் காலையில் வீடு உறுதியாகி இருக்க வேண்டுமானால், பேசி முடிக்க இரண்டு வாரம் கையில் வேண்டும்.

வெயிலையும் மழையையும் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் அந்த வறண்ட பூமியில் பகல் முழுக்க உள்ளேயே அடைந்து கிடக்க நேரிடும். அக்டோபர் கடைசி, நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. நடு முற்றம் திறந்த வெளி என்பதால் மழை வீட்டுக்குள்ளேயே பெய்யும். பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் முற்றத்தைச் சுற்றியுள்ள தளம் வழுக்கும். ஜனவரி, பிப்ரவரி நல்லது.

முகூர்த்தங்களையும் பாருங்கள். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்கே விடுவார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் வீடு கிடைக்கும், வாடகையிலும் பேச இடமிருக்கும். டிசம்பர் கடைசியில் அரையாண்டு விடுமுறை வந்து சேர்வதால் அந்த ஒரு வாரம் மட்டும் விலக்கு.

பொங்கலை ஒட்டித் திட்டமிடாதீர்கள். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் அவரவர் வீட்டுக்குத் திரும்பும் காலம் அது. பேசி முடித்த வீடுகூட “பங்காளிங்க வர்றாங்க, மன்னிச்சுக்கங்க” என்று கைவிட்டுப் போகும். அவர்கள் வீடு, அவர்களுக்கு முதல் உரிமை. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

3. ‘முழு வீடு’ என்றால் எது என்று கேளுங்கள்

இந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்னால் திண்ணையும் முகப்பும். அடுத்து வளவு, அதாவது நடு முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும். அதன் பின்னால் இரண்டாம் கட்டு, சில வீடுகளில் மூன்றாம் கட்டு, கடைசியில் அடுப்படி, கிணறு, பின்வாசல். வளவைச் சுற்றியுள்ள அறைகள் பங்காளிகளுக்குள் பிரிந்திருக்கும். ஒவ்வொரு பங்கின் அறைக்கும் தனிப் பூட்டு. உள்ளே அவர்கள் வீட்டுச் சீர்ச் சாமான் இருக்கும்.

என்னுடைய இரண்டாவது பயணத்தில் இது தெரியாமல் மாட்டிக்கொண்டேன். “வளவுல எட்டு ரூம் இருக்கு” என்று போனில் சொன்னார்கள். எட்டும் இருந்தது உண்மைதான். காவல்காரர் கைப்பிடி அளவுச் சாவிக்கொத்தோடு வந்து ஒவ்வொன்றாகத் திறந்தார். நான்காவது அறையோடு நின்றுவிட்டார். “இந்தப் பக்கம் பெரியவர் பங்குண்ணே. சாவி சிங்கப்பூர்ல இருக்கு” என்றார். அன்று ராத்திரி 22 பேரில் ஒன்பது பேர் பட்டாலை என்ற பொதுக் கூடத்தில் வரிசையாகப் பாய் போட்டுப் படுத்தோம்.

ஆகவே “எத்தனை அறை” என்று கேட்காதீர்கள். “எங்களுக்குத் திறந்து விடும் அறை எத்தனை, அதில் கட்டில் மெத்தை உள்ளது எத்தனை, கீழே எத்தனை, மாடியில் எத்தனை” என்று கேளுங்கள். மேலும் மூன்று கேள்விகள்: அந்த நாட்களில் வீட்டின் வேறு பகுதியில் யாராவது இருப்பார்களா? பகலில் வீடு பார்க்க வெளியாட்களை உள்ளே விடுவார்களா? அதற்கு முந்தின வாரம் சினிமா படப்பிடிப்பு ஏதும் உண்டா? படப்பிடிப்பு முடிந்த வீட்டைச் சுத்தம் செய்ய நாளாகும்.

4. வீடியோ காலில் வீட்டைப் பாருங்கள்

இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நேரில் போய்ப் பார்க்க முடிந்தால் மிக நல்லது. முடியாவிட்டால் காவல்காரர் போனைப் பிடித்தபடி நடக்கட்டும், நீங்கள் திசை சொல்லுங்கள். அவர்களாக எடுத்து அனுப்பும் வீடியோ வேண்டாம். அதில் தூண்தான் வரும், கழிப்பறை வராது.

முதலில் ஒரு படுக்கை அறையிலிருந்து அருகிலுள்ள கழிப்பறை வரை நடக்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் கழிப்பறைகள் பிற்காலத்தில் பின்கட்டில் சேர்க்கப்பட்டவை. வழியில் எத்தனை நிலைப்படி என்று எண்ணுங்கள். இந்த வீடுகளின் நிலைப்படி சென்னை அடுக்ககத்தில் இருப்பது போல ஒரு பட்டையாக இருக்காது. முழங்கால் பாதி உயரத்துக்குக்கூட இருக்கும், மேலே கதவு தாழ்வாகவும் இருக்கும். எங்கள் பெரியம்மா ஒவ்வொரு நிலைப்படியிலும் நின்று, இடது கையைக் கதவுச் சட்டத்தில் ஊன்றி, வலது காலை மெல்லத் தூக்கி வைத்து, தலையைக் குனிந்து கடந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு ஐந்து நிலைப்படி. ராத்திரி எழுந்து போகப் பயந்து அவர் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு, இரண்டு நிலைப்படிக்கு மேல் கடக்க வேண்டிய அறையைப் பெரியவர்களுக்கு நான் ஒதுக்குவதே இல்லை.

அப்புறம் குளியலறைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் போய்க் குழாயைத் திறக்கச் சொல்லுங்கள். வெஸ்டர்ன் எத்தனை, ஹீட்டர் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். தொட்டியின் கொள்ளளவைக் கேளுங்கள். நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைப்பார்கள். 20 பேருக்கு 2,700 லிட்டர். மேலே 1,000 லிட்டர் தொட்டி ஒன்றுதான் என்றால் ஒரு நாளில் மூன்று முறை மோட்டார் போட வேண்டும். கரண்ட் போனால் அதுவும் இல்லை. மோட்டார் போடுவது யார், ஜெனரேட்டர் உண்டா, அது மோட்டாரை இழுக்குமா என்று கேளுங்கள். இன்வெர்ட்டர் என்றால் விளக்கும் விசிறியும் மட்டும்தான் ஓடும்.

ஏசி எத்தனை என்பதோடு, அத்தனையும் ஒரே நேரத்தில் ஓடுமா என்றும் கேளுங்கள். பழைய ஒயரிங்கில் நான்கு ஏசியும் இரண்டு ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் ஃபியூஸ் போகும்.

குழந்தைகள் இருந்தால் முற்றத்தின் ஓரத்தைக் காட்டச் சொல்லுங்கள். வளவுத் தளத்துக்கும் முற்றத்துக்கும் இடையே இறக்கம் இருக்கும், கைப்பிடி இருக்காது. கிணற்றுக்கு மூடி உண்டா என்பதையும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் உயரத்தையும் பாருங்கள்.

கடைசியாக, போன் சிக்னல். தடித்த சுவர்களுக்குள் பல இடங்களில் எடுக்காது. அலுவலகக் கால் இருப்பவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

5. விதிகளைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள், பிறகு பணம்

அசைவம் சமைக்கலாமா, எந்த அடுப்படியில், செவ்வாய் வெள்ளி விலக்கா? மது? சாமி அறைப் பக்கம் யாரும் போகக்கூடாதா? பாட்டு எத்தனை மணி வரை? ஒவ்வொரு வீட்டிலும் பதில் வேறாக இருக்கும். பிடிக்காவிட்டால் வேறு வீடு பாருங்கள். ஒத்துக்கொண்டு போய் அங்கே மீறுவது நியாயமில்லை.

பேசியதை எல்லாம் நீங்களே ஒரே செய்தியாகத் தட்டி அனுப்பி, “சரி” என்று பதில் வாங்குங்கள். தேதி, உள்ளே வரும் நேரம், காலி செய்யும் நேரம், திறக்கும் அறைகள், ஆட்கள் எண்ணிக்கை, கூடுதல் ஆளுக்கு எவ்வளவு, வாடகை, ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, கரண்ட் தனியா, ஜெனரேட்டர் டீசல் யார், சேதத்துக்கான வைப்புத்தொகை, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும். கரண்டைத் தனியாக வாங்கினால் நுழையும்போதே மீட்டரைப் படம் எடுக்க வேண்டும் என்று குறித்து வையுங்கள்.

முன்பணம் 30 சதவீதத்துக்கு மேல் கொடுப்பதில்லை என்று நான் வைத்திருக்கிறேன். அனுப்புவதற்கு முன், யுபிஐயில் காட்டும் பெயரும் உங்களிடம் பேசியவர் சொன்ன பெயரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வேறு பெயர் வந்தால் யார் என்று கேளுங்கள். வீடியோ காலுக்கு மழுப்புகிறவர், “இன்னொரு பார்ட்டி காத்திருக்கு, இப்பவே போடுங்க” என்று அவசரப்படுத்துகிறவர், இருவரிடமும் பேச்சை முடித்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

6. செலவைப் பிரிக்கும் முறையை இப்போதே முடிவு செய்யுங்கள்

வாடகையைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்றும், சாப்பாட்டையும் வண்டியையும் தலைக்கு இவ்வளவு என்றும் பிரிப்பதுதான் எங்களுக்குச் சரிப்பட்டது. குழந்தைக்குச் சாப்பாடு பாதி. மொத்தத்தில் 15 சதவீதம் கூடுதலாக வாங்கி வையுங்கள், மீதியைக் கடைசி நாளில் திருப்பலாம். ஊரிலிருந்து வந்தபின் கேட்டு வாங்குவது போல மனஸ்தாபம் தருவது வேறில்லை.

7. பயணம்

எழும்பூரிலிருந்து காரைக்குடிக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. பிற்பகலில் கிளம்பி இரவு 10 மணி வாக்கில் சேரும். திரும்பும் வண்டி விடியற்காலையில். ராமேஸ்வரம் போகும் இரவு ரயில்களும் காரைக்குடி வழியாகப் போகின்றன, ஆனால் நள்ளிரவுக்கு மேல் இறங்க வேண்டும். குழந்தைகளோடு வேண்டாம். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான், எனவே 20 பேருக்கு நான்கு டிக்கெட். ஆதார் சரிபார்த்த கணக்கு வைத்திருக்கும் இரண்டு பேர் ஆளுக்கு இரண்டாகப் போடட்டும். ஒரே ஆள் நான்கையும் போட உட்கார்ந்தால் மூன்றாவதுக்குள் இடம் தீர்ந்துவிடும்.

வேன் என்றால் 400 கிலோமீட்டருக்கு மேல். விழுப்புரம், திருச்சி, புதுக்கோட்டை வழியாக நிறுத்தங்களோடு எட்டு மணி நேரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பாதீர்கள். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு தாண்டுவதற்கே பொழுது போய்விடும். சனிக்கிழமை காலை 4 மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். வேன் பேசும்போது டோல், பேட்டா, உள்ளூர்ச் சுற்றல் எல்லாம் சேர்த்தா என்று கேளுங்கள். டிரைவருக்குப் படுக்கவும் குளிக்கவும் இடம் உண்டா என்று வீட்டுக்காரரிடமும் கேளுங்கள். 400 கிலோமீட்டர் ஓட்டியவர் வேன் சீட்டிலேயே படுத்து எழுந்து உங்கள் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டக்கூடாது.

எப்படிப் போனாலும் இரண்டு பேர் அரை நாள் முன்னதாகப் போகட்டும். பெட்ஷீட் வந்ததா, ஹீட்டர் ஓடுகிறதா, சமையல்காரர் சாமான் வாங்கிவிட்டாரா என்று பார்த்து, குறை இருந்தால் கடை திறந்திருக்கும்போதே சரிசெய்ய வேண்டும். 20 பேரும் பெட்டியோடு முகப்பில் நிற்கும்போது எதையும் சரிசெய்ய முடியாது.

8. சாப்பாடு

உள்ளூர்ச் சமையல்காரரை வீட்டுக்காரர் வழியாகவே பேசுங்கள். அந்த அடுப்படி அவருக்குப் பழக்கமாக இருக்கும். தலைக்கு இவ்வளவு என்று பேசினால் காபியும் சாயங்காலப் பலகாரமும் அதில் உண்டா என்று கேளுங்கள்.

மூன்று வேளையும் மசாலா போடச் சொல்லாதீர்கள். எல்லோரும் செய்யும் தவறு இது. முதல் நாள் மதியம் கோழி வறுவல், ராத்திரி நண்டு, மறுநாள் காலை மறுபடி கறிக் குழம்பு என்று போனால் இரண்டாம் நாள் பாதிப் பேருக்கு வயிறு கெட்டுவிடும். காலையில் இடியாப்பம், வெள்ளைப் பணியாரம் போல லேசாக. மதியம் ஒரு வேளை பெரிய சாப்பாடு, இனிப்புக்குக் கவுனி அரிசி. ராத்திரி இட்லியோ ரசம் சாதமோ. ஊருக்குப் போய்ச் சேரும் ராத்திரி கட்டாயம் இட்லிதான்.

காபிக்குத் தனி ஏற்பாடு வேண்டும். காலை 5:30க்கே பெரியவர்கள் எழுந்து முற்றத்தைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். சமையல்காரர் வருவது 7 மணிக்கு. நாங்கள் பெரிய பில்டர் ஒன்றையும் பொடியையும் கொண்டுபோய், படுக்கும் முன் டிகாஷன் இறக்கி வைத்துவிடுவோம். பாலுக்கு முதல் நாளே காவல்காரரிடம் சொல்லிவிடுவோம். அந்த முதல் காபி நேரத்துக்கு வந்தால் அன்றைய நாள் முழுக்க எல்லோருக்கும் முகம் மலர்ந்திருக்கும்.

9. சேர்ந்த முதல் ஒரு மணி நேரம்

அறைப் பட்டியலை ரயிலிலேயே குழுவில் போட்டுவிடுங்கள். போய்ப் பார்த்துப் பிரிக்கலாம் என்றால் வேகமாக நடப்பவருக்குக் கீழ் அறையும் பெரியவருக்கு மாடியும் போய்ச் சேரும்.

யாரும் பெட்டியைத் திறக்கும் முன் ஒருவர் எல்லா அறைகளையும் வீடியோ எடுங்கள். ஏற்கெனவே விரிசல் விட்ட ஆத்தங்குடித் தரைக்கல், உடைந்த வண்ணக் கண்ணாடி, மீட்டர் எண் எல்லாவற்றையும் எடுத்து அப்போதே வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். வைப்புத்தொகை திரும்ப வருவதற்கு இதுதான் ஆதாரம்.

பிறகு எல்லோரையும் வளவில் உட்காரவைத்து ஐந்து நிமிடம் பேசுங்கள். கட்டிலை இழுக்காதீர்கள், தூக்கி வையுங்கள், ஏனென்றால் சிமெண்டில் வார்த்த கல்லில் கீறல் விழுந்தால் போகாது. சுவரில் டேப் ஒட்டாதீர்கள், பிரிக்கும்போது பழைய சுண்ணாம்புப் பூச்சும் சேர்ந்து வரும். பிறந்தநாள் பலூனைத் தூணில் நூலால் கட்டலாம். தரையில் ஏதாவது கொட்டினால் உடனே துடையுங்கள், ஆசிட் கலந்த கிளீனர் மட்டும் கூடாது. அந்தச் சிமெண்டையே அரித்துவிடும். குழந்தைகளுக்கு முற்றத்து ஓரத்தையும் கிணற்றையும் கைப்பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

10. நாளுக்கு ஒரே ஒரு வெளிச்சுற்று

பிள்ளையார்பட்டி, திருமயம் கோட்டை, ஆத்தங்குடியில் கல் வார்க்கும் பட்டறை, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள். காலை 8 மணிக்குக் கிளம்பி மதியம் சாப்பிட வீடு திரும்புங்கள். நண்பகலில் கோயில் நடை சாத்துவார்கள், வெயிலும் ஏறிவிடும். இவ்வளவு பணம் கொடுத்து எடுத்த வீட்டில் பகலில் இருக்காவிட்டால் எடுத்ததே வீண். திண்ணையில் சாயங்காலம் பல்லாங்குழி ஆடியதைத்தான் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்றும் பேசுகிறார்கள்.

11. காலி செய்யும் நாள்

பல்லவனில் திரும்புவதாக இருந்தால் விடியலுக்கு முன்பே கிளம்ப வேண்டும். அப்போது கணக்குப் பார்க்க யாருக்கும் தெம்பு இருக்காது. ஆகவே முந்தின நாள் சாயங்காலமே மீட்டரைப் பார்த்து, சாமான் பில்லைச் சரிபார்த்து, வீட்டுக்காரரோடு கணக்கை முடியுங்கள். முதல் நாள் எடுத்த வீடியோவின் வரிசையிலேயே காவல்காரரோடு ஒவ்வொரு அறையாக நடந்து இன்னொரு வீடியோ எடுங்கள். ஏதாவது உடைந்திருந்தால் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். வைப்புத்தொகை என்றைக்குத் திரும்பும் என்பதைச் செய்தியில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காவல்காரருக்கும் சமையல்காரருக்கும் பெருக்கித் துடைத்த அக்காவுக்கும் கொடுப்பதைத் தனித்தனி உறையில், அவரவர் கையில், குழுவின் பெரியவரைக் கொண்டு கொடுங்கள். கிளம்பும் விடியலில் இரண்டு பேர் மட்டும் கடைசியில் நின்று கட்டிலுக்கு அடியிலும் குளியலறை ஆணியிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். சார்ஜர், துண்டு, பல்செட் டப்பா, எல்லாம் அங்கேதான் இருக்கும்.